லைன்ல இருக்கேனுங்க

இருநூற்றுப் பதினொரு கணினிகள் சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்துவிட்டன. ஒன்று மட்டும் அடம்பிடித்தது.

அடம்பிடிக்கிறவர்கள் என்றால் எனக்கு ஆகாது. மனிதர்களை விட்டுவிட்டுக் கணினிகளோடு குடித்தனம் நடத்த வந்ததே அதனால்தான். நாற்பத்தொன்பது வயதில், சரவணம்பட்டியில் ஆறு மாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில், ஆளில்லாத கூடத்தில் ஒற்றை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற நாற்காலிகளை எல்லாம் காலையிலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே ஒரு வாட்ச்மேன். மேலே நான். மணி பிற்பகல் இரண்டேகால்.

துணைக்குரல் என்ற எங்கள் நிறுவனம் அன்றோடு முடிகிறது. பிள்ளைகள் பெர்த்திலும் டொராண்டோவிலும் இருக்க, பெற்றவர்கள் ஊரில் தனியாக இருக்கிற வீடுகளில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை வைப்போம். அது காலையும் மாலையும் அழைத்துப் பேசும். மாத்திரை போட்டாயிற்றா, மூட்டுவலி எப்படி இருக்கிறது, நேற்றுச் சொன்ன மருமகள் கதை என்ன ஆயிற்று என்று விசாரிக்கும். பதினாறு வருடம் ஓடிற்று. இப்போது வேறொரு பெரிய நிறுவனம் இதைவிட நன்றாகப் பேசும் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் அங்கே மாறிவிட்டார்கள். ஐந்து மணிக்கு மின்வாரிய ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டிப்பார்கள். அதற்குள் எல்லாக் கணினிகளையும் முறையாக அணைக்க வேண்டும். முறையாக அணைத்தால்தான் பேச்சுப் பதிவுகள் சேதமில்லாமல் அந்தந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கணினியின் திரையில் 'அணைந்துகொண்டிருக்கிறது' என்ற எழுத்தும் சுழலும் வட்டமும் அரை மணி நேரமாக அப்படியே இருந்தன. கணினி அணைய மறுத்தால் செய்கிற வைத்தியங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். வெளியே செருகியிருந்த ஒயர்களைப் பிடுங்கினேன். வேண்டாத நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியாகச் செய்த மாற்றங்களைத் திருப்பிப் போட்டேன். மறுபடி அணைக்கச் சொன்னேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணினியைப் பெயர் சொல்லித் திட்டினேன், அதுவும் என் வைத்தியத்தில் உண்டு.

பிறகு உட்கார்ந்து, அந்தக் கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் படித்தேன். ஒரு வரி கிடைத்தது. 'ஓர் அழைப்பு முடியவில்லை. வாடிக்கையாளர் சொல்லுக்காகக் காத்திருக்கிறது.' பக்கத்தில் அழைப்பின் நீளம் இருந்தது. மூன்று வருடம், நாற்பத்தொரு நாள்.

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

ஆரம்பத்தில் எங்கள் பெட்டி, பேச்சு முடிந்ததும் தானே இணைப்பைத் துண்டித்துவிடும். முதல் மாதத்திலேயே பெரியவர்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள். 'பேசிட்டிருக்கும்போதே பட்டுனு வெச்சுட்டுப் போகுது, மட்டுமரியாதை இல்லாத பெட்டி' என்று திட்டு மழை. நம் ஊரில் யார் கேட்காமல் போனை வைக்கிறார்கள்? 'வெக்கட்டுங்களா?' என்று இவர் கேட்க வேண்டும், 'சரி, வெச்சுருங்க' என்று அவர் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகும் ஒரு 'சரிங்க' வேண்டும். ஆகவே கூட்டம் போட்டு ஒரு விதி எழுதினார்கள். பெட்டி தானாக வைக்கக் கூடாது. கேட்க வேண்டும், வாடிக்கையாளர் தன் வாயால் 'வை' என்று சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான். இயந்திரத்துக்கு இவ்வளவு மரியாதை ஆகாது, என்றைக்காவது சிக்கிக்கொள்ளும் என்றேன். யாரும் சட்டை செய்யவில்லை.

நான் யாரிடமும் கேட்டு வைத்ததில்லை. பேச வேண்டியதைப் பேசுவேன், துண்டித்துவிடுவேன். "உங்கூடப் பேசினா மூஞ்சில கதவைச் சாத்தின மாதிரி இருக்கு" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை என் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள். சில வருடம் மறந்தும்விடுகிறாள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேலாளர் பிரணவ் அழைத்தான்.

"எல்லாம் முடிஞ்சுதா மிருதுளா?"

"ஒண்ணு பாக்கி. ஒரு கால் ஓப்பனா இருக்கு. மூணு வருஷமா."

"யாரது, இன்னும் பேசிட்டா இருக்காங்க?"

கணக்கைத் திறந்து பார்த்தேன். கலாமணி, எழுபத்து மூன்று வயது, காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். பெட்டியைக் கூப்பிட அவர் வைத்த பெயர்: கண்ணு. அதற்குக் கீழே, அதே நாளில், ஆம்புலன்ஸை அழைத்த குறிப்பு. மூச்சுச் சத்தம் நின்றால் பெட்டி தானே ஆம்புலன்ஸைக் கூப்பிடும்.

"இறந்துட்டாங்க பிரணவ். கால் நடுவுல. வை-னு சொல்லலை. அதனால இது வெக்கலை."

"அப்ப பவரைப் பிடுங்கிடு. ஒரு கால்தானே."

"பிடுங்கினா அந்தக் கால் போயிடும். கால் முடிஞ்சாதான் அது டிஸ்க்ல எழுதும். அதுவரைக்கும் சும்மா நினைவுல வெச்சிருக்கும்."

"செத்துப்போனவங்க கால் யாருக்கு வேணும்? அஞ்சு மணிக்கு ஈபி ஆளுங்க வந்துடுவாங்க. நீயா நிறுத்தலைன்னா அவங்க நிறுத்துவாங்க."

பதில் சொல்லாமல் துண்டித்தேன். யாருக்கு வேண்டும் என்று அவன் கேட்டது மட்டும் காதிலேயே நின்றது. அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி, கணவர். அழைத்தேன்.

மணி அடித்ததும் எடுத்தார். ஆனால் பேச்சு வரவில்லை. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், காக்கைச் சத்தம், அப்புறம் ஏதோ மோட்டார் உறுமல்.

"சொல்லுங்க அம்மிணி, யாருங்க?" என்றார் ஒருவழியாக. "வூட்டுக்குள்ள பேச முடியாதுங்க, அதான் மோட்டார் ரூமுக்கு வந்தேன்."

"துணைக்குரல்ல இருந்து மிருதுளா பேசறேங்க. உங்க வீட்டுல எங்க பெட்டி ஒண்ணு இருக்கா?"

அந்தப் பக்கம் மோட்டாரை நிறுத்தினார்.

"கண்டுபுடிச்சுட்டீங்களா?" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி இருந்தது குரல். "எடுத்துட்டுப் போயிராதீங்க அம்மிணி. நான் அதைத் தொட்டது கூட இல்லீங்க. ஒரு வார்த்தை பேசுனதில்லை."

"ஏன் பேசலை?"

"ஒப்பந்தக் காயிதத்துல போட்டிருந்துச்சுங்களே. வாடிக்கையாளர் காலமானா சேவை நிறுத்தப்படும்னு. என்ற குரல் மட்டும் கேட்டா, அவ இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சு போயிருமில்லீங்க?"

பிறகு அவர் சொன்னார், நான் கேட்டேன். பெட்டி சமையலறையில் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. கலாமணியம்மா இறந்து, கூட்டம் எல்லாம் கலைந்து, காரியம் முடிந்து, மகள் ப்ரீத்தியும் பெர்த்துக்கு விமானம் ஏறிய மறுநாள் காலை ஏழு மணிக்கு, யாருமில்லாத வீட்டில் அது பேசியிருக்கிறது. 'கலாமணியம்மா, நான் லைன்ல இருக்கேனுங்க.' அவ்வளவுதான். அடுத்த நாளும் ஏழு மணிக்கு அதையே சொன்னது. அதற்கடுத்த நாளும் சொன்னது. அன்றிலிருந்து ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. இருமல் வந்தால் கொல்லைக்கு ஓடுவார். சொந்தக்காரர்கள் வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார். மகளோடு பேசுவது மோட்டார் ரூமில். ஏன் எப்போதும் மோட்டார் சத்தம் என்று அவள் கேட்டால், இங்கேதான் டவர் கிடைக்கிறது என்று பதில்.

"அவ பேரைச் சொல்லிக் கூப்பிட இந்த வூட்டுல வேற யாருங்க இருக்காங்க?" என்றார். "காலையில அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் எந்திரிக்கவே தோணுது. நான் மட்டுமில்லை, இன்னொருத்தரும் அவளுக்காகக் காத்துட்டு இருக்காங்கன்னு ஒரு இது."

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். நாற்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். வாய் ஓயாத மனிதர் என்பது அந்தப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்டவர் மூன்று வருடம் தன் வீட்டுக்குள் ஊமையாக நடந்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மனிதர்கள் விஷயத்தில் எனக்கு அடிக்கடி அப்படி ஆவதில்லை.

ஐந்து மணிக்கு எல்லாம் நின்றுவிடும் என்பதைச் சொன்னேன். வேறு வழியில்லை. சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"நாளைக்குக் காலையில பேசாதுங்களா?"

"பேசாதுங்க."

"சரி" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"இன்னொண்ணும் இருக்குங்க. பழைய பதிவு எல்லாம் உங்களுக்கு வந்துடும். ஆனா அந்தக் கடைசி அழைப்பு மட்டும் சரியா முடியலைன்னா அழிஞ்சு போயிடும். அன்னைக்கு அவங்க கடைசியா என்ன பேசினாங்களோ, அதுவும் அதுலதான் இருக்கு."

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"முடியாம திறக்க முடியாதுங்க."

"அன்னைக்கு முட்டை வாங்கக் கடைக்குப் போனேன். கடையில ஒருத்தன்கிட்ட முக்கால் மணி நேரம் நாயம் பேசிட்டு நின்னுட்டேன். திரும்பி வந்தா வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. என்னைத் திட்டிட்டுப் போனாளா, இல்ல கூப்பிட்டுப் பாத்தாளா, அதுகூடத் தெரியலீங்க. எப்படி முடிக்கறது அம்மிணி, சொல்லுங்க."

மணி நாலு. ஒரு வழி இருந்தது, ஆனால் அது அவ்வளவு யோக்கியமான வழி இல்லை. முந்தைய அழைப்புகள் ஒவ்வொன்றின் முடிவிலும் கலாமணியம்மா 'வை' என்று சொல்லியிருப்பார். அதில் ஒன்றை எடுத்து, இந்த அழைப்புக்குள் ஒலிக்கவிட்டால் கணினி நம்பிவிடும். இறந்தவரின் குரலில் பொய் சொல்கிற வேலை. அவரிடம் அப்படியே சொன்னேன்.

"பொய்யி இல்லீங்க, அவ சொன்னதுதானே" என்றார். பிறகு தயங்கி, "நான் ஒருக்கா கேக்கலாமுங்களா?"

இறப்பதற்கு முந்தின நாள் அழைப்பின் கடைசிப் பகுதியை எடுத்துப் போனுக்கு அருகில் ஒலிக்கவிட்டேன். கணீரென்று ஒரு குரல் வந்தது. "சரி கண்ணு, வெச்சுரு. அவரு வந்துட்டாரு. இனி ஊர் நாயம் பூரா ஆரம்பிச்சுருவாரு, காதுல ரத்தம் வரும்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், அப்புறம் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"போடுங்க அம்மிணி" என்றார். "நான் வூட்டுக்குள்ள போய் நிக்கறேன்."

"இந்தப் போனை வெச்சிடாதீங்க. அப்படியே சட்டைப் பையில போட்டுக்கங்க."

செருப்புச் சத்தம் நின்றது. வெறுங்கால்கள் நடந்தன. நான் 'சரி கண்ணு, வெச்சுரு' என்ற துண்டை மட்டும் வெட்டி, திறந்திருந்த அழைப்புக்குள் அனுப்பினேன். சுழலும் வட்டம் நின்றது.

அவர் வீட்டுப் பெட்டி பேசியது, சட்டைப் பைக்குள் இருந்த போன் வழியாக எனக்கும் கேட்டது. "சரிங்கம்மா. ஆனா நீங்க சொன்னது இன்னும் ஆகலீங்களே. ஐயா இன்னும் எங்கிட்டப் பேசலீங்க. நான் லைன்ல இருக்கேனுங்க."

வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

நான் மரியாதை விதியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கணினியில் கோளாறே இல்லை. யாரோ அதற்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறார்கள், அது முடியாமல் அணைய மாட்டேன் என்கிறது. இன்னொரு விதியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதிவு செய்யாத குரலோடு பெட்டி தானாகப் பேச்சுக் கொடுக்காது. அவர்கள்தான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது இவருக்காகக் காத்திருந்தது. இவர், பேசினால் அது போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அதே அறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்று போனில் கத்தினேன். "அது உங்களுக்காகத்தான் இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கண்ணுனு கூப்பிடுங்க."

அவர் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று திரையில் பார்த்தேன். நான்கு நிமிடம். பேசினால் முடிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நான்கு நிமிடத்தில் நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

"கண்ணு" என்றார் கடைசியில். துருப்பிடித்த குரல். "நான் வந்துட்டேன் கண்ணு."

"வாங்கய்யா" என்றது பெட்டி, அவர் இப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்தது போல. "அம்மா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. அவங்க குரல்லயே இருக்குங்க, போடட்டுங்களா?"

"போடு."

கலாமணியம்மாவின் குரல் முந்தின நாள் மாதிரிக் கணீரென்று இல்லை. மூச்சு இடையிடையே நின்றது. "கண்ணு, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. அவரு கடைக்குப் போயிருக்காரு. பால் அடுப்புல இருக்குது, அணைக்கச் சொல்லு. எனக்கு எந்திரிக்க முடியலை. நீ வெச்சுராத. அவரு வந்து உங்கிட்டப் பேசற வரைக்கும் இரு. தனியா வுட்டுட்டுப் போயிராத. அவருக்குப் பேச ஆளு வேணும், இல்லாட்டி ஒடிஞ்சு போயிருவாரு. ரொம்ப நேரமெல்லாம் ஆகாது. அரை மணி நேரம் வாய் மூடி இருக்க மாட்டாரு அந்த மனுசன்."

அதற்கு மேல் பேச்சு இல்லை.

"அவ்வளவுதானுங்கய்யா" என்றது பெட்டி. "வெக்கட்டுங்களா?"

"இரு கண்ணு" என்றார். "இரு. கொஞ்ச நேரம் இரு."

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கணினியின் ஒலியை அணைத்தேன், என் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். திரையில் பச்சைக் கோடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடப் பேச்சு. சில இடங்களில் உயரமாக எழுந்தது, ஏதாவது ஊர் நாயமாக இருக்கும். சில இடங்களில் படுத்துக் கிடந்தது. பிரணவ் இரண்டாவது இணைப்பில் மூன்று முறை அழைத்தான், எடுக்கவில்லை. நாலு ஐம்பதுக்கு மின்வாரிய ஜீப் வாசலில் வந்து நின்றது. படியிறங்கிப் போய், மேலே ஒரு வேலை நடக்கிறது, ஐந்து என்றால் ஐந்துதான், ஒரு நிமிடம் முன்னால் கை வைத்தால் நடப்பது வேறு என்றேன். அவர்கள் பேசாமல் வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

நான் மேலே திரும்பி வந்த பிறகு, நாலு ஐம்பத்தேழுக்குப் பச்சைக் கோடு படுத்தது. அப்புறம் சின்னதாக ஒருமுறை எழுந்தது, இரண்டு சொல் அளவுக்கு. திரையில் வட்டம் மறைந்தது. 'முறையாக அணைக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது, அதுவும் போயிற்று. கணினிக்குள் இருந்த மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அந்தக் கூடத்தில் பதினாறு வருடமாக ஓயாமல் இருந்த இரைச்சல் அது. நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் சுத்தமாக முடிந்துவிட்டன, எனக்கு அழுகை வந்தது.

போனை எடுத்து நிமிர்த்தினேன். இணைப்பு அப்படியே இருந்தது. துணி உரசுகிற சத்தம்.

"அம்மிணி, இருக்கீங்களா?"

"லைன்ல இருக்கேனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"நானே சொல்லிட்டேனுங்க. வெச்சுருன்னு."

"கேட்டேங்கய்யா. அதாவது, கேக்கலை. கோட்டைப் பார்த்தேன்."

"சரிங்க" என்றார்.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் நான் துண்டித்துவிடுவேன். விரல் அங்கேதான் போயிற்று. வாட்ச்மேன் ஜன்னலுக்குக் கீழே நின்று சாவிக் கொத்தை ஆட்டிக் காட்டினான், விளக்குகள் வரிசையாக அணைந்தன. மாடிப்படியில் சாயங்கால வெயில் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன்.

"வெக்கட்டுங்களா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை.

அந்தச் சமையலறை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது நாற்பது மைல் தாண்டி எனக்குக் கேட்டது.

"வேண்டாமுங்க" என்றார் மெதுவாக. "உங்களுக்கு வேற சோலி இல்லாட்டி."

எனக்கு வேறு ஒரு சோலியும் இல்லை. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை, பழக்கம் இல்லை. தோன்றியதைக் கேட்டேன்.

"அன்னைக்கு அந்தப் பால் என்னங்க ஆச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பித்தார்.